ஓதம் காக்கும் கல் வீட்டுக்கு எந்தத் தரை? ஏற்காட்டில் ஓர் அறையை முன்வைத்து

ஏற்காட்டில் பழைய கல் வீடு வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எந்த டைல் போட்டால் ஓதம் வராது என்றுதான். எந்த டைலும் ஓதத்தை நிறுத்தாது. வீட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீரை விலக்குவது முதல் வேலை. மண்ணிலிருந்து ஈரம் மேலே ஏறும் வழியைத் துண்டிப்பது இரண்டாவது. மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறத் தோதான தரையைத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது. இந்த வரிசை தலைகீழாகும் வீடுகளில்தான் மூன்று மழைக்காலத்துக்குள் டைல் பெயர்கிறது.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொண்டது 12 அடிக்கு 10 அடி அறை. கல் சுவர், மண் சாந்துக் கட்டு, மேலே மங்களூர் ஓடு. பழைய தரைக்கு மேல் யாரோ 2 அங்குலம் சிமெண்ட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சேர்வராயன் மலையில் இந்த வகை வீடுகள் ஏராளம். அளவுகளை உங்கள் அறைக்கு ஏற்றபடி பெருக்கிக்கொள்ளலாம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

இந்த மலையின் பாறை சார்னோகைட். கல் கெட்டி, அதன் வழியாகத் தண்ணீர் அவ்வளவாகப் போகாது. போவதெல்லாம் கல்லுக்கு நடுவிலுள்ள மண் சாந்தும் சுண்ணாம்பும் வழியாகத்தான். இரண்டு முகத்திலும் பெரிய கல், நடுவில் சில்லும் மண்ணும் போட்டு நிரப்பிய சுவர் இது. அதனால் சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றி ஓதத்தைத் தடுக்கிறோம் என்று வருபவர்களை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். நடுவிலுள்ள பொந்துகளில் அந்தத் திரவம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தொடர்ச்சியான தடுப்பாக அது படிவதில்லை.

தரையில் தெரியும் ஈரம் இரண்டு வகை. ஒன்று மண்ணிலிருந்து ஏறுவது. மற்றொன்று, மூடுபனிக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தரையில் பட்டு வியர்ப்பது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இரண்டாவது வகையும் சாதாரணம். அறைக்காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் திரளும். கல் தரை 18 டிகிரியில் இருந்தால் காலையில் துடைத்துப் பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும். மண்ணின் ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எது என்று கண்டுபிடிக்க 18 அங்குலச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப்பால் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளுக்கு அடியில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். தாளின் மேல் பக்கம் நனைந்திருந்தால் காற்றின் வியர்வை. இரண்டும் இருந்தால் இரண்டும். அறையின் நடுவில் ஒன்று, மேட்டுப்பக்கச் சுவரோரம் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். பிப்ரவரியில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அக்டோபர், நவம்பர் மழையில் அதே இடத்தில் விடை வேறாக இருக்கும். முள் குத்திப் பார்க்கும் ஈரமானியைக் கல் சுவரில் நம்ப வேண்டாம். உப்பு இருந்தாலே அது அதிக ஈரம் என்று காட்டும்.

தரையைத் தொடும் முன் வெளியே

பழைய வீடுகளில் வெளித்தரை ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டே வந்திருக்கும். மேட்டிலிருந்து அரித்து வந்த மண், பூச்செடிக்குக் கொட்டிய மண், பிறகு அதன்மேல் வாகனம் நிறுத்தப் போட்ட காங்கிரீட். உள்தரை மட்டமும் வெளிமட்டமும் சமமாகிவிட்டால் எந்தத் தரையாலும் பயனில்லை. டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டம், பிடித்துப் பாருங்கள். வெளிமண் உள்தரையைவிடக் குறைந்தது 6 அங்குலம், முடிந்தால் 9 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். சுவரோரக் காங்கிரீட்டை உடைத்து எடுத்துவிடுங்கள். ஓதம் வெளிப்பக்கமாக உலர இருக்கும் வழியை அது அடைக்கிறது, கூடவே மழைத்துளியைச் சுவர் மேல் தெறிக்கவும் வைக்கிறது.

அடுத்தது மேட்டுப்பக்கக் கால்வாய். சுவரிலிருந்து 4 அடி தள்ளி, 1 அடி அகலம், 2 அடி ஆழம். வெட்டுவதற்கு முன் சுவரோரம் ஒன்றரை அடிச் சதுரக் குழி ஒன்று எடுத்து, கடைக்கால் எந்த ஆழத்தில் முடிகிறது என்று பாருங்கள். மலையில் பாறை அருகிலேயே கிடைப்பதால் ஒன்றரை, இரண்டு அடியிலேயே கடைக்கால் நிற்பது உண்டு. கால்வாய் அதற்குக் கீழே போகக்கூடாது. 40 அடி நீளத்துக்கு 5 அங்குலம் சரிவு, அதாவது நூற்றுக்கு ஒன்று, போதும். அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் செயற்கைத் துணி) விரித்து, 2 அங்குலம் 20 மி.மீ. ஜல்லி பரப்பி, துளையிட்ட 4 அங்குல பி.வி.சி. குழாயைத் துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வைத்து, மேலே ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூட வேண்டும். துளையை மேலே வைத்துப் பதித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிப் பதித்தால் குழாயின் மேல்மட்டத்துக்கு ஏறும்வரை தண்ணீர் உள்ளே போகாமல் வெளியே மண்ணிலேயே நிற்கும். 40 அடிக்கு ஜல்லி சுமார் 80 கன அடி, முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல். குழாயின் வாய் பள்ளத்தில் வெளிச்சத்துக்கு வர வேண்டும். குழி எடுத்து அதில் விட்டால் அந்தக் குழியே மழைக்காலத்தில் ஊற்றாகிவிடும்.

ஓட்டுக் கூரைக்குத் தகர வாய்க்கால் இல்லையென்றால் போடுங்கள். இருந்தால் சுத்தம் செய்யுங்கள். சில்வர் ஓக் இலைதான் இங்கே பெரிய எதிரி. வாய்க்காலில் நார் போலப் படிந்து, கம்பி வலையையும் அடைத்துவிடும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை கையால் அள்ளியே ஆக வேண்டும்.

இதைச் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்க முடிந்தால் நல்லது. சில வீடுகளில் இத்தோடு முக்கால்வாசி ஓதம் அடங்கி, உள்ளே தரையை உடைக்காமலே தப்பிக்கலாம்.

எந்தத் தரை, ஏன்

விட்ரிஃபைடு டைல் ஈரத்தால் கெடாது. ஆனால் அதன் வழியாக ஈரமும் போகாது. அடியில் தேங்கும் ஈரம் இடுக்குகள் வழியாகவும் சுவரோரமாகவும் வெளியேறப் பார்க்கும். இடுக்குகளில் வெள்ளைக் கோடு, சுவரின் அடியில் பூச்சு பொருமல், தட்டினால் டொக் டொக்கென்று வெற்று ஒலி. முழு அறையையும் டைலும் எபாக்ஸி இடுக்குச் சாந்தும் போட்டு மூடியபின் சுவரில் ஓதம் ஓர் அடி உயர்வது இப்படித்தான். தரையின் அடியில் பாலித்தீன் விரித்தாலும் கதை இதேதான். சுவருக்கு அடியில் ஓதத் தடுப்பு இருக்கும் புதுக் கட்டடத்தில் பாலித்தீன் சரியான முறை. தடுப்பே இல்லாத கல் சுவரில் அது ஈரத்தைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது.

ரெட் ஆக்சைடு அழகு. ஆனால் அது சிமெண்ட் தரை. அடியில் உப்பும் ஈரமும் இருந்தால் திட்டுத்திட்டாக வெளுக்கும், தோல் உரியும். ஆத்தங்குடி ஓடும் அப்படியே. செட்டிநாட்டு வெயிலுக்கு அது பொருந்தும். மண் ஈரம் ஏறும் மலை வீட்டில் பூ வடிவத்தின் மேல் உப்புப் பூத்து மங்கிவிடும். லேமினேட், வினைல் விரிப்பு இரண்டையும் யோசிக்கவே வேண்டாம். அடியில் பூஞ்சை பிடித்து அறையே நாறும்.

சேலத்துக்காரர்கள் சிலர் மேக்னசைட் தரையைப் பற்றிக் கேட்பதுண்டு. சுண்ணாம்புக்கரட்டு வெள்ளைக்கல்லைச் சுட்டு, மக்னீசியம் குளோரைடு கரைசலும் மரத்தூளும் கலந்து போடும் தரை அது. காலுக்கு இதமாக இருக்கும், இடுக்கே இல்லாமல் வழவழவென்று வரும். ஆனால் தொடர்ந்து நனைந்தால் இளகிப்போகும், தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். நம்ம ஊர்க் கல் என்பதற்காக மலை மேல் தரைத்தளத்தில் போடக்கூடாது.

கடப்பாக் கல் பரவாயில்லை. சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, இடுக்கையும் சுண்ணாம்பாலேயே அடைத்தால் இடுக்கு வழியாக ஈரம் வெளியேறும். மூடுபனி நாளில் வியர்க்கத்தான் செய்யும். சமையலறையில் புளித்தண்ணீரும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுக்கும். கிரானைட் துண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று பளபளப்பாக்கிப் போடுபவர்கள், வியர்க்கும் நாளில் வழுக்கும் என்பதை முதியவர்கள் இருக்கும் வீட்டில் யோசிக்க வேண்டும்.

அடியில் வெற்றிடம் விட்டு, சுவரில் காற்றுத் துளை வைத்துப் போட்ட பழைய பலகைத் தரை இருந்தால், அது மேலான ஏற்பாடு. அதை எடுத்துவிட்டு மண் கொட்டி நிரப்பாதீர்கள். எலி வருகிறது என்று அடைத்த துளைகளைத் திறந்து கம்பி வலை போட்டாலே பல நேரம் போதும்.

மண்ணிலிருந்து ஏறும் ஓதமும் மூடுபனி வியர்வையும் இரண்டுமே இருக்கும் அறைக்கு எங்கள் தேர்வு மெருகேற்றாத சுட்ட மண் சதுர ஓடு. அடியில் சுண்ணாம்புக் காங்கிரீட், அதற்கும் அடியில் 40 மி.மீ. ஜல்லி. ஓடு கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் வந்ததும் விட்டுவிடும், அதனால் வழுக்கலும் குறைவு. கறை பிடிக்கும் என்பது இதன் குறை. அதை ஒத்துக்கொண்டுதான் போட வேண்டும்.

அடுக்குகளும் அளவும்

ஜல்லி 4 அங்குலம், சுண்ணாம்புக் காங்கிரீட் 4 அங்குலம், பதிக்கும் சாந்து 1 அங்குலம், ஓடு முக்கால் அங்குலம். மொத்தம் ஏறத்தாழ 10 அங்குலம் தோண்ட வேண்டும். 120 சதுர அடிக்கு 100 கன அடி மண் வெளியேறும். செம்மண் தோண்டியதும் உப்பிப் பெருகும் என்பதால் அள்ளிப்போட 125 கன அடிக்கு இடம் பாருங்கள்.

இங்கேயும் கடைக்கால் ஆழம்தான் எல்லை. குழியில் பார்த்தபோது கடைக்கால் உள்தரையிலிருந்து ஓர் அடிக்குள்ளேயே முடிந்தால், சுவரோரம் ஓர் அடி அகலத்துக்குத் தோண்டாமல் சரிவாக விட்டுவிட்டு நடுவில் மட்டும் ஆழம் எடுங்கள். ஜல்லியைக் கெட்டிப்படுத்த அதிர்வு இயந்திரம் வேண்டாம். மண் சாந்துச் சுவர் ஆடி நடுச்சில்லு இறங்கிவிடும். திமிசு, அதாவது இடிக்கும் கட்டை, கொண்டு கையால் இடித்தால் போதும்.

மண்ணை மட்டப்படுத்தி, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஜியோ டெக்ஸ்டைல் துணியை ஓர் அடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரியுங்கள். மேலே கழுவிய 40 மி.மீ. ஜல்லி 45 கன அடி. கழுவாத ஜல்லியில் இருக்கும் கல்தூள் கீழே படிந்து, ஈரம் ஏற ஏணியாகிவிடும். ஜல்லிக்கு நடுவிலுள்ள இடைவெளி பெரிதாக இருப்பதால்தான் தண்ணீர் ஏற முடிவதில்லை. தூள் அந்த இடைவெளியை அடைத்தால் 4 அங்குலமும் வீண். ஜல்லிக்கு மேலேயும் ஒரு துணி. இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சாந்து உள்ளே இறங்கும். இரண்டு தடவைக்கும் சேர்த்து 300 சதுர அடி துணி வாங்குங்கள்.

சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்ற வேண்டும். சங்ககிரிப் பக்கம் கிடைக்கும் கல் சுண்ணாம்பு, தரையோடு சுவரடிப் பூச்சுக்கும் சேர்த்து சுமார் 200 கிலோ. தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரும் கிட்டே நிற்கக் கூடாது. மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே 2 அங்குலம் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் ஊற விடுங்கள். அவசரப்பட்டால் நீறாத கட்டி தரைக்குள் போய்ப் பிறகு வெடித்து, மேலே காசளவு குழி விழும். நன்றாக ஊறியது வெண்ணெய்போல் கரண்டியில் ஒட்டி நிற்கும், மணல்மணலாக விரலில் படாது.

வெறும் சுண்ணாம்பும் மணலும் ஈர மண்ணுக்கு மேல் இறுகாது. சுருக்கி, அதாவது செங்கல் தூள், சேர்ந்தால்தான் ஈரத்திலும் பிடிக்கும். அதுவும் அளவாக வெந்த அல்லது சற்று வேகாத செங்கல்லின் தூளாக இருக்க வேண்டும். கறுத்து உருகிய செங்கல்லின் தூள் சுண்ணாம்போடு சேராது. எம்-சாண்டும் அப்படித்தான், "நிறம் தாங்க வித்தியாசம்" என்று மேஸ்திரி சொன்னாலும் அது வெறும் கல்தூள். நல்ல சுருக்கி கிடைக்காத இடத்தில் பாதியளவு மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்க்கலாம்.

4 அங்குலம் கெட்டிப்பட்ட காங்கிரீட்டுக்குச் செங்கல் ஜல்லி 45 கன அடி, ஊறிய சுண்ணாம்பு 7, சுருக்கி 14. ஜல்லியை முதல் நாளே நனைத்து வையுங்கள். காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு படையாகப் போட்டுத் திமிசால் இடியுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடிக்கும்போது தெளிப்பது வழக்கம். அது கிடைக்காவிட்டாலும் இடிப்பது மட்டும் குறையக் கூடாது. முதலில் கட்டை மெத்தென்று அமுங்கும். பிறகு சாந்துப் பால் மேலே வரும். கட்டை துள்ளி எழும்பி, தடம் பதியாமல், ஒலி கனத்திலிருந்து கணீரென்று மாறும்போது நிறுத்தலாம். சாக்கு போட்டுப் பத்து நாள் ஈரம் காக்க வேண்டும். பின் சாக்கை எடுத்துக் காற்றாட விடுங்கள்.

"ஒரு பாண்டு சிமெண்ட் போட்டாத்தாங்க சீக்கிரம் பிடிக்கும்" என்ற யோசனை இந்தக் கட்டத்தில் தவறாமல் வரும். போட வேண்டாம். கொஞ்சமாகப் போட்ட சிமெண்ட் தானும் உருப்படியாக இறுகாது, சுண்ணாம்பின் இறுக்கத்தையும் கெடுக்கும். நிறையப் போட்டால் ஈரத்துக்கு வழி அடைபடும்.

சீக்கிரம் பிடிக்காது என்பது உண்மைதான். அதனால் பருவம் முக்கியம். நனைந்த சுண்ணாம்புக்குள் காற்று போகாது, காற்று போகாமல் அது முழுதாகக் கல்லாகாது. ஜனவரி கடைசியில் தோண்டி, ஏப்ரலுக்குள் ஓடு பதித்து முடிக்கும்படி திட்டமிடுங்கள். சுண்ணாம்பு டிசம்பரிலேயே ஊறத் தொடங்கிவிட வேண்டும். மூடுபனி மாதங்களில் போட்ட காங்கிரீட் நகத்தால் கீறினால் வரும் நிலையிலேயே வாரக்கணக்கில் கிடக்கும்.

ஓடு பதித்தல்

9 அங்குலச் சதுர ஓடு, சேதாரத்தோடு 235. வாங்கும்போது ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு எடுத்துத் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் அல்லது வேகாதது. ஒன்றைக் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் போட்டுத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். 2 கிலோ ஓடு 2.2 முதல் 2.3 கிலோவுக்குள் வந்தால் சரி. அதற்கு மேல் குடிக்கும் ஓடு சீக்கிரம் தேயும்.

பதிக்கும் சாந்து சுண்ணாம்பு ஒன்றுக்குச் சலித்த மணல், சுருக்கி பாதிப்பாதியாகச் சேர்த்து மூன்று, மொத்தம் 10 கன அடி. ஓட்டை நனைத்து, மேல் நீர் வடிந்ததும் பதித்து, இடுக்கு 6 முதல் 8 மி.மீ. விடுங்கள். வாசல்பக்கம் 10 அடிக்கு அரை அங்குலம் வாட்டம் போதும். இடுக்கை இரண்டு நாள் கழித்து ஒன்றுக்கு இரண்டு நைஸ் சாந்தால் அழுத்தி நிரப்பி, ஓட்டின் மேல் படிந்ததை அன்றே ஈரச் சாக்கால் துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் வெள்ளைப் படலம் ஏறிவிடும். ஆசிட் போட்டுக் கழுவிச் சரிசெய்யலாம் என்று யாரும் சொன்னால் விடாதீர்கள், இடுக்குச் சுண்ணாம்பும் கரைந்துபோகும்.

சுவரடியில் டைல் ஸ்கர்ட்டிங் வேண்டாம். தரையிலிருந்து 3 அடி உயரத்துக்கு இருக்கும் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்புப் பூச்சு பூசி, மேலே சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் செய்த வேலை பாதி வீண்.

மேலே வார்னிஷ், சீலர் எதுவும் கூடாது. கறைக்குப் பயந்தால் ஒரு மழைக்காலம் முடிந்து ஓடு உலர்ந்த பிறகு, ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து ஒரே ஒரு மெல்லிய பூச்சு பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணி சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும்.

முதல் ஆண்டு வெள்ளையாக உப்புப் பூக்கும். துடைப்பத்தால் பெருக்கி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். ரப்பர் அடி வைத்த மிதியடி, தரையில் விரித்த மெத்தை, சுவரோடு ஒட்டிய பீரோ மூன்றும் அந்த இடத்தில் ஓதத்தைத் தேக்கும். பீரோவை 2 அங்குலம் தள்ளி வையுங்கள். மூடுபனி இறங்கும்போது ஜன்னலைச் சாத்தி, வெயில் வந்ததும் திறப்பது நல்லது. பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

டைல்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால், நாலு சுவரோரமும் 9 அங்குல அகலத்துக்கு டைல் போடாமல் சுண்ணாம்பும் மண் ஓடும் பதித்து விடுங்கள். ஈரம் வெளியேற அந்தப் பட்டை கொஞ்சம் உதவும். அடியில் ஜல்லி அடுக்கு அப்போதும் வேண்டும்.

காப்பித் தோட்ட வீடுகளில் உரம் அடுக்கிவைத்த அறை, மாடு கட்டிய அறை இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பொட்டாஷும் யூரியாவும் மாட்டு மூத்திரமும் மண்ணிலும் சுவரிலும் இறங்கி, காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே எவ்வளவு கால்வாய் எடுத்தாலும் அந்தச் சுவர் ஈரமாகவே தெரியும். அங்கே 10 அங்குலத்தோடு நிற்காமல், கடைக்கால் அனுமதிக்கும் அளவுக்கு மண்ணை மாற்றி, சுவருக்கு மணல் அதிகமான மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். உப்பை உறிஞ்சி அது உதிரும்போது கொத்தி எடுத்து வெளியே கொட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கும், செலவுக் கணக்கில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.